அப்புறம் சொல்றேன்

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டேன். பெட்டியின் ஒரு சக்கரம் பாதி வழியில் கழன்று போய், மீதித் தூரம் அது தரையைக் கீறிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. நீ கூட இருந்திருந்தால் உனக்கு மட்டும் அந்த அவமானம் தெரிந்திருக்காது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே. கேலி செய்ய எனக்கு இங்கே வேறு ஆள் இல்லை.

போனில் தட்டினால் நீ "சரி" என்று ஒரு சொல் அனுப்புவாய், நான் "நல்லா இருக்கேன்" என்று முடித்துவிடுவேன். வீடியோவில் பேசினால் என் வாயையே உற்றுப் பார்த்து உனக்குத் தலைவலி வருகிறது. அதனால் நாம் பேசிக்கொண்டபடி கடிதம்.

அறை மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவரும் ஒரு குழாயும் தெரியும். மேஜையில் எனக்கு முன்னால் இருந்தவள் வைத்த கோப்பையின் வட்டம் இருக்கிறது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. இப்போது அதன் மேலேயே என் கோப்பையையும் வைக்கிறேன்.

ஆனர்ஸ் எப்படி என்று கேட்டாயே. நம் ஊர்க் கல்லூரியில் முடித்த மூன்று வருடத்துக்கு மேல் இது நாலாவது வருடம். மதிப்பெண் மட்டும் போதாது. எதை ஆராயப் போகிறாய் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், அதைப் படித்துவிட்டு ஒரு பேராசிரியர் "இவளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். மொழியியலில் இந்த வருடம் ஆறே பேர். என்னை எடுத்துக்கொண்டவரை எல்லோரும் மேடம் என்கிறார்கள். கொஞ்சமாகப் பேசுவார், நிறையக் கேட்பார்.

அந்த ஒரு பக்கத்தை நான் உனக்குக் காட்டவில்லை. நம் சாப்பாட்டு மேஜையைப் பற்றித்தான் எழுதினேன். பதினோரு வயதில் காய்ச்சலில் உன் காது போனது, வீட்டில் யாரும் சைகை கற்றுக்கொள்ளாதது, உன் வலது பக்கம் உட்கார்ந்து நான் எல்லோருடைய பேச்சையும் வாயசைத்து உனக்குத் திருப்பிச் சொன்னது. எல்லோரும் சிரிக்கும்போது நீ நிமிர்ந்து "என்ன?" என்பாய். யாராவது "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை என்று முடித்திருந்தேன். மேடம் அந்தக் கடைசி வரியின் கீழே கோடு போட்டு, "இதுதான் உங்க ஆய்வு" என்றார்.

ஆய்வுக்காக வீட்டில் நீ சாப்பிடும் நேரத்தைப் படம் எடுக்க வேண்டும். சேர்க்கை இன்னும் தற்காலிகம்தான். படம் எடுக்கப்படுகிறவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஆய்வை அனுமதிக்கும். ஜூலை பத்து கடைசி நாள். படிவம் உன் பெயருக்குத் தனியாக வரும். படித்துப் பார்த்துப் போட்டு அனுப்பு.

அம்மாவிடம் பேசு. அவளையும் பேச வை.

உன் தங்கை

*

ஜூன் 11

ஸ்பீக்கருக்கு,

படிவம் வந்தது. "பங்கேற்பாளர்" என்று அச்சடித்து எதிரே என் பெயர். கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன்.

ஆறு மாதம், மாதத்துக்கு இரண்டு தடவை, நான் சாப்பிடுவதைப் படம் பிடிப்பார்களாம். நான் எப்போது நிமிர்ந்தேன், எப்போது தட்டைப் பார்த்தேன், எப்போது ஒன்றும் புரியாமல் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன் என்றெல்லாம் குறித்துக்கொள்வார்களாம். செவிடன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று பார்க்க ஒரு பல்கலைக்கழகமா?

சிரிப்பதாக நடிப்பது எனக்குத் தெரியும். அது உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அதை நாம் இருவரும் வெளியே சொன்னதில்லை. நீ அதை முகம் தெரியாத ஒரு அம்மாளுக்கு எழுதிக் கொடுத்து, அதை வைத்து ஓர் இடம் வாங்கியிருக்கிறாய். எழுதும்முன் என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

கண்ணாடிக் கடையில் வேலை அதிகம். நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறேன். தேய்க்கும் பொடியின் வெள்ளைச் சேறு நகக்கண்ணில் ஏறிவிட்டது. அங்கே யாரும் என்னைப் பார்ப்பதில்லை, அதுவே நிம்மதியாக இருக்கிறது.

அம்மா நலம் என்று நினைக்கிறேன். கேட்டேன், தலையாட்டினாள்.

அண்ணன்

*

ஜூன் 19

அண்ணா,

உன் கடிதத்தை மேடமிடம் காட்டவில்லை. நீ மறுத்துவிட்டாய் என்று மட்டும் சொன்னேன். "உங்க அண்ணனுக்கு இஷ்டமில்லன்னா அதோட முடிஞ்சுது. இன்னொரு தடவ கேக்கக்கூடாது. வேற தலைப்பு பாருங்க" என்றார். அவரிடம் இருந்த இன்னொரு தலைப்பு பழைய வானொலிச் செய்திகளில் வாசிப்பவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று அளப்பது. அதை வேறு ஒருத்தி எடுத்துவிட்டாள். மற்ற பேராசிரியர்களிடம் இடமில்லை. பத்தாம் தேதிக்குள் ஒன்றும் கிடைக்காவிட்டால் இந்த வருடச் சேர்க்கை போய்விடும். அடுத்த வருடம் கொடுப்பார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அதனால் இது உன்னைக் கெஞ்சும் கடிதம் இல்லை. கெஞ்சக் கூடாது என்று உத்தரவு. இது சண்டைக் கடிதம்.

கேட்டிருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ எழுதியதைப் படித்தால், அந்த மேஜையில் நீ மட்டும்தான் உட்கார்ந்திருந்தாய் போலிருக்கிறது. எட்டு வயதிலிருந்து உன் வலது பக்கம் உட்கார்ந்தவள் நான். மாமா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், அப்பா இருந்தவரை அப்பா ஒரு பக்கம், மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அதில் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்பீக்கர், ஸ்பீக்கர் என்று நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். ஸ்பீக்கர் என்ன பேச நினைத்தது என்று நீ உட்பட ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை வருடத்தில் நான் ஒரு நாள்கூடச் சூடாகச் சாப்பிட்டதில்லை.

இப்போது சூடாகச் சாப்பிடுகிறேன். விடுதியில் நீளமான மேஜை. ஒரு ஓரத்தில் உட்காருகிறேன். பக்கத்தில் உள்ளவர்கள் பேசுவது எல்லாம் காதில் விழுகிறது, யாருக்கும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வாய் தானாக அசைகிறது. நேற்று எதிரே உட்கார்ந்திருந்த பெண் "என்ன, ஜெபமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அறைக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

தங்கை

*

ஜூலை 1

ஸ்பீக்கருக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். நீ சூடாகச் சாப்பிட்டதில்லை என்பது எனக்குத் தெரியாது. உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், உன் தட்டைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அத்தையும் வந்தார்கள். உன் நாற்காலியில் அத்தையின் கைப்பை உட்கார்ந்திருந்தது. நல்ல பை, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. மாமா ஏதோ ஆரம்பித்தார். அம்மா இடையில் புகுந்தாள். அத்தை கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. நான் "என்ன?" என்றேன். அம்மா என் பக்கம் திரும்பினாள். உதடு குவிந்தது. உலகத்திலேயே எனக்கு மிக நன்றாகத் தெரிந்த வாயசைவு அதுதான். அவள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, "ஒ" என்று குவியும்போதே குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிடுவேன்.

முன்பெல்லாம் நீ மேஜைக்கடியில் என் முழங்காலைத் தட்டி, வாயசைத்து, பாதியாவது சொல்லிவிடுவாய். இப்போது வீட்டில் யார் எது பேசினாலும் எனக்கு வந்து சேர்வதில்லை. அம்மாவும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். காலையில் "போயிட்டு வரேன்" என்கிறேன், சாயங்காலம் "வந்துட்டேன்" என்கிறேன். நடுவில் ஒரு பேச்சும் இல்லை. கடையிலிருந்து கிளம்பும்போது சில நாள் வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை. ஊர் சுற்றிவிட்டுப் போகிறேன்.

நேற்று ஒரு பெரியவர் கடைக்கு வந்து, புதுக் கண்ணாடியில் படிகள் வளைந்து தெரிகின்றன என்று சண்டை போட்டார். முதலாளி கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். லென்ஸை எடுத்துத் திருப்பிப் பொருத்தினேன், சரியாகிவிட்டது. அப்போதுதான் உன் படிவம் ஞாபகம் வந்தது. பார்வை கோணலாக இருந்தால் நாங்கள் யாருடைய கண்ணையும் தேய்ப்பதில்லை.

உன் கேமரா ஏன் என் முகத்தைப் பார்க்க வேண்டும்? "ஒண்ணுமில்ல" என்று சொல்வது நானா? சொல்கிறவர்களைப் படம் எடு. அம்மா, மாமா, அத்தை. எந்த இடத்தில் சொல்கிறார்கள், சொல்வதற்கு முன் முகம் எப்படிப் போகிறது, சொன்ன பிறகு யார் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார். கேமராவை நான் பிடிக்கிறேன். மேஜையில் நான் இருப்பேன், படத்தில் இருக்க மாட்டேன்.

ஒரு நிபந்தனை. நான் எடுத்து அனுப்புவதில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் நீ எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். நல்லது கெட்டது பார்த்து வடிகட்டக் கூடாது. ஒரு முழுச் சாப்பாட்டில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு இந்த வயதிலும் தெரியாது.

உன் படிவத்தை நகல் எடுத்து, என் பெயரை அடித்துவிட்டு நீட்டினேன், அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். மாமா படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "டிவில வருமா?" என்று கேட்டாராம். இதை அம்மா எழுதிக் காட்டினாள். மூன்று பேரின் படிவமும் இத்துடன்.

அண்ணன்

*

ஜூலை 9

அன்புள்ள அண்ணா,

குழு ஒத்துக்கொண்டது! இந்த யோசனை எப்படி வந்தது என்று மேடம் கேட்டார், உன் கடிதத்தில் கண்ணாடி பற்றிய பத்தியை மட்டும் படித்துக் காட்டினேன். பிறகு பழைய தலைப்பை அடித்துவிட்டு அவர் கையாலேயே எழுதினார்: "காது கேளாதவர் உள்ள வீட்டில், கேட்பவர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள்?" சேர்க்கைச் சீட்டில் "தற்காலிகம்" என்ற முத்திரைக்கு மேல் இன்னொரு முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

மற்ற ஐந்து பேரோடும் இன்று வெளியே சாப்பிடப் போனேன். ஒருத்தி குழந்தைகளின் முதல் சொற்களை ஆராய்கிறாள், ஒருவன் கடைப் பலகைகளை. உன் தலைப்பு எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். என் அண்ணனுடையது என்றேன்.

துறைக் கேமராவைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஓடும். நிறுத்த மறக்காதே. படம் பதியும் மெமரி அட்டையை மட்டும் எடுத்துத் தபாலில் அனுப்பு.

எல்லாவற்றையும் எழுதுகிறேன். சத்தியம்.

உன் தங்கை

*

ஜூலை 28

ஸ்பீக்கருக்கு,

முதல் அட்டை இதனுடன் வருகிறது.

வேடிக்கையை நீயே பார்ப்பாய். ஆரம்பத்தில் மாமா செய்தி வாசிப்பவர் மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தார். அத்தை தலைமுடியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். அம்மா புதுத் துணி உடுத்திக்கொண்டு பரிமாற வந்தாள். கொஞ்ச நேரம்தான். சாப்பாடு பாதி போவதற்குள் மூவரும் கேமராவை மறந்துவிட்டார்கள். என்னை எப்போதும் மறப்பது போலத்தான், அதனால் அவர்களுக்குச் சிரமமில்லை.

கையில் கேமரா இருந்தால் ஒரு சௌகரியம். யாரையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அம்மா பேசும்போது கையை இவ்வளவு ஆட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. என்னோடு பேசும்போது அவள் கை அசையாது.

சாப்பிட்டு முடித்த பிறகு அம்மாவும் அத்தையும் பாத்திரம் கழுவப் போனார்கள். நானும் பின்னாலேயே போய்ச் சமையலறை வாசலில் நின்று எடுத்தேன். இருவரும் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஒரு தடவை அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள், அம்மா ஏதோ சொன்னாள், அத்தை மறுபடி திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு அம்மா நீளமாகப் பேசினாள். தோள் அசைந்தது. அழுதாளா சிரித்தாளா என்று பின்னாலிருந்து சொல்ல முடியவில்லை.

அந்த இடத்தை முதலில் எழுதி அனுப்பு. மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணா,

சாப்பாட்டு நேரம் முழுவதையும் எழுதி முடித்துவிட்டேன். கற்றையாக இத்துடன் வைத்திருக்கிறேன், படி. தன் மேலதிகாரி கழிப்பறையில் மாட்டிக்கொண்ட கதையை மாமா இந்த ஒரு சாப்பாட்டிலேயே இரண்டு தடவை சொல்கிறார். இரண்டு தடவையும் அத்தை சிரிக்கிறாள். நீ இத்தனை வருடம் பெரிதாக எதையும் இழக்கவில்லை என்று தோன்றும்.

பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீர்ச் சத்தம். சரியாகப் பதியவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டுப் பேச்சுதான். அப்புறம் எழுதுகிறேன்.

இங்கே ஒரே மழை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

ஆகஸ்ட் 11

ஸ்பீக்கருக்கு,

"ஒன்றுமில்லை. அப்புறம்."

எழுத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நன்றாக இருக்கிறது. உதட்டைப் பார்க்க வேண்டிய வேலைகூட இல்லை.

கேமராவைத் திருப்பி அனுப்புகிறேன்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 17

அண்ணா,

கேமராவை அனுப்பாதே. இதைப் படித்துவிட்டு முடிவு செய்.

நன்றாகத்தான் பதிந்திருக்கிறது. அம்மா குழாயை மூடிவிட்டுப் பேசுகிறாள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதில் மாட்டிக் கேட்டேன். முதல் தடவை பாதியிலேயே கழற்றி வைத்துவிட்டேன். பிறகு எழுத உட்கார்ந்தபோது, பழைய பழக்கம், எதைச் சொல்வது எதை விடுவது என்று மனசு தானாகவே பிரிக்க ஆரம்பித்துவிட்டது. உனக்கு வலிக்கும் என்று விட்டேன். அம்மாவும் எப்போதும் அப்படி நினைத்துத்தான் விட்டிருப்பாள் போல. ஆய்வில் நான் யாரைப் பற்றி எழுதப் போகிறேனோ அந்த ஆளாகவே நானும் இருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மா இதைக் கேமராவுக்குச் சொல்லவில்லை. உன் கையில் இருந்ததால் கேமராவுக்கும் கேட்காது என்று நினைத்துவிட்டாள். வேறு யார் வீட்டிலும் இப்படி ஒரு தப்புக் கணக்கு நடக்காது. அவளைக் கேட்காமல் உன்னிடம் சொல்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்டால் என்ன சொல்வாள் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும்.

ஒரு சொல்லும் விடாமல்:

அத்தை: பொண்ணு படிப்பு முடிஞ்சதும் இங்கயே வந்துருவா இல்ல?

அம்மா: (நீ வாசலில் நிற்கிறாய். அத்தை திரும்பிப் பார்க்கிறாள்.) அட, அவனுக்கு எங்க கேக்கப் போவுது. நீ பேசு.

அத்தை: இல்ல, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா இவனுக்கு யாரு?

அம்மா: அவ வரக்கூடாது. வந்தா மறுபடியும் இவன் பக்கத்துலயே உக்காந்து, இவனுக்குக் காதா இருந்தே கிழவியாயிடுவா. படிக்கட்டும். எங்கயாவது நல்லா இருக்கட்டும்.

அத்தை: அப்ப நீ?

அம்மா: நான் என்ன. (குழாயை மூடுகிறாள்.) இவன் நல்ல புள்ளதான். வேலைக்குப் போறான், வர்றான், குடுத்தத சாப்பிடறான். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா அவ போனதுலேர்ந்து எனக்குப் பேச்சுத்துணை இல்ல. எதையாவது சொல்ல வாயெடுப்பேன். உடனே என் மூஞ்சியவே பாப்பான், ஒரு சொல்லு தவறிடக்கூடாதுன்னு. அந்தப் பார்வையப் பாத்தா, சொல்ல வந்தது அல்பமாப் போயிடும். இந்தச் சின்ன விஷயத்துக்கா இவன் இவ்ளோ கஷ்டப்படணும்னு இருக்கும். ஒண்ணுமில்லன்னுடுவேன்.

அத்தை: நீயும் என்ன பண்ணுவ.

அம்மா: அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பிக்குவேன். திரும்பி நின்னுக்கிட்டு அவன்கிட்டயே சொல்லுவேன். முழுசா. பக்கத்து வீட்டுக்காரி சொன்னது, எனக்கு முட்டி வலிக்கறது, அவங்கப்பா கனவுல வந்தது, எல்லாம். அவன் பின்னாடி உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருப்பான். (சிரிக்கிறாள்.) தினமும் சொல்றேன்.

அத்தை: (பாத்திரம் அடுக்குகிறாள்.)

அம்மா: சில நாள் தோணும், இவனோட இருக்கறதவிட ஒத்தையா இருந்துடலாம்னு. ஒத்தையா இருந்தா, பேசறது கேக்கலையேன்னு ஏக்கம் இருக்காதில்ல. பெத்தவ சொல்ற பேச்சா இது? அந்தத் தட்ட எடு.

அவ்வளவுதான். சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள். பின்னாலிருந்து நீ பார்த்தது இரண்டும் சரி.

இந்தப் பகுதி ஆய்வில் வராது. மேடமுக்கும் காட்டவில்லை. இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் இது குழுவுக்காகப் பேசியதில்லை. இந்தக் காகிதத்தைத் தவிர வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை.

நான் திரும்பி வரக் கூடாது என்று அம்மா சொன்ன இடத்தை எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். அது எனக்குக் கிடைத்த பங்கு. உன் பங்கு உனக்கு. என் மேல் கோபம் இருந்தால் என் மேலேயே இருக்கட்டும், அவள் மேல் வேண்டாம்.

தங்கை

*

ஆகஸ்ட் 29

ஸ்பீக்கருக்கு,

கேமரா இன்னும் கடைப் பையிலேயே இருக்கிறது. தபால் நிலையம் வரை போனேன், வரிசை நீளமாக இருந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஒரு லென்ஸை உடைத்தேன். வேண்டுமென்று இல்லை, அதிகமாகத் தேய்த்துவிட்டேன். முதலாளி உதட்டை அசைத்து ஏதோ திட்டினார். பாதி புரிந்தது, அதுவே அதிகம்.

அம்மா சொன்ன கடைசி விஷயம் வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் நானும் வடிகட்டுகிறேன் என்று ஆகிவிடும். அன்றைக்கு வீட்டுக்குப் போகவே கூடாது என்று இருந்தது. பூங்காவில் விளக்குப் போடும்வரை உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்துதான் யோசித்தேன். நானும் அவளைப் பற்றி அதையேதான் ஜூலையில் உனக்கு எழுதினேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று. ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஒரே குறை. அதை இருவரும் உன்னிடம்தான் சொல்லியிருக்கிறோம், அவள் தெரியாமல், நான் தெரிந்து.

ஆனால் என்னைப் படுத்தியது வேறு. தினமும் சொல்கிறாளாம். அப்பா கனவில் வந்ததைக்கூடச் சொல்லியிருக்கிறாள். நான் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் முதுகைப் பார்த்து, அம்மா ஏதோ வேலையாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் எதையும் சொல்லவில்லை. நீ எழுதியது நம்மோடு இருக்கட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறதே, துடைப்பம் சாத்தியிருக்கும், அங்கே போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கிறவரின் முகம் நேராகத் தெரியும். முட்டி அடுப்பு மேடையில் இடித்தது. அம்மா துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடா?" என்றாள். 

"ஒண்ணுமில்ல. நீ பேசு" என்றேன்.

"என்ன பேச?"

"தினமும் பேசறதத்தான்."

என்னை உற்றுப் பார்த்தாள். ஏதாவது புரிந்ததா என்று தெரியவில்லை. திரும்பி வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெங்காயத்தைப் பார்த்தபடியே உதடு அசைந்தது. பக்கத்து வீட்டுக்காரி மருமகளோடு போட்ட சண்டையில் யாரோ கதவைப் பூட்டியிருக்கிறார்கள். நடுவில் எனக்கு அறுந்துவிட்டது. "யாரு பூட்டினது, மாமியாரா மருமகளா?" என்று கேட்டேன்.

அம்மா நிமிர்ந்தாள். உதடு குவிந்தது. அந்த "ஒ". நான் வழக்கம்போலக் குனியப் போனேன். குனிந்து பார்க்கத் தட்டு இல்லை, மடியில் வெறும் கைதான் இருந்தது. அதனால் மறுபடி அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு அப்படியே குவிந்து நின்றது. பிறகு அடுப்பை அணைத்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, என் எதிரே நன்றாகத் திரும்பி நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தாள். கையை அப்படி ஆட்டினாள்.

மாமியார்தான் பூட்டினாளாம். உள்ளே மாட்டிக்கொண்டதும் அவளேதானாம்.

அன்றைக்குச் சாப்பாடு தயாராக மிகவும் நேரமாகிவிட்டது. அம்மா சொன்னது சரி, நீ வராதே. சூடாகச் சாப்பிடு. அடுத்த ஞாயிறு படம் எடுத்து அட்டையை அனுப்புகிறேன்.

அண்ணன்